இடது கண் சிமிட்டினால்

சங்ககிரியில் செங்கோடன் என்ற பெயருக்குப் பஞ்சமில்லை. தெருவுக்கு ஒருவர் தேறுவார். ஆனால் "கைக்காரர் வீடு எது?" என்று கேட்டால், ரயில்வே கேட்டைத் தாண்டி இரண்டாவது சந்தில் இருக்கும் ஒரே ஒரு செங்கோடனின் வீட்டைத்தான் காட்டுவார்கள்.

அந்தப் பெயர் வந்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவின் உட்பகுதியில் கடலே இல்லாத நாடு ஒன்று. உப்பிலிருந்து டீசல் வரை அதற்கு வேண்டிய அத்தனையும் பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் இறங்கி, ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் மலையேறி வரவேண்டும். இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டு, அதற்கென்றே ஒரு சரக்குச் சாலை அமைத்தன. அதில் ஓடும் லாரிகளுக்கு டிரைவர் கிடையாது. ஆனால் லாரிக்கு யாராவது ஓட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே? மலைப்பாதையில் பழுத்த ஒரு மனிதனின் கையை அப்படியே பதிந்துகொள்வது என்று சாலையை நடத்தும் நிறுவனம் முடிவு செய்தது. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடிக்கிறான், பிரேக்கை எங்கே தொடுகிறான், கண்ணாடியில் பின்னால் வருகிறவனை எப்போது பார்க்கிறான், எல்லாவற்றையும்தான். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து டிரைவர்கள் பலரை வரவழைத்துச் சோதித்தார்கள். திம்பம் மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் செங்கோடன் லோடு வண்டியை இறக்கியபோது, பின்னால் வாய்திறந்து வைத்திருந்த பால் கேன்களில் ஒன்றுகூடத் தளும்பவில்லை. அவருடைய கையை எடுத்துக்கொண்டார்கள்.

இன்றைக்கு அந்தச் சாலையில் எந்நேரமும் ஆயிரம் லாரிக்குக் குறையாமல் ஓடுகின்றன. ஆயிரத்தையும் ஓட்டுவது அந்த ஒரு கைதான். சங்ககிரியில் நிறுவனம் வைத்திருக்கும் கண்காணிப்புக் கூடத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. துறைமுக நாட்டைத் 'துறை' என்றும், கடலில்லாத நாட்டை 'மேடு' என்றும் சுருக்கிக்கொண்டார்கள்.

பெருமைதான். இருந்தாலும் செங்கோடனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆயிரம் பிள்ளைகளை ஒரே நாளில் வெளியூருக்கு அனுப்பிவிட்ட தகப்பனைப்போல, உட்கார்ந்தால் எழுந்திருப்பதும், எழுந்தால் போனைத் தட்டிப் பார்ப்பதுமாக இருந்தார்.

"ஏம் பங்காளி, உன்ற கை ஆப்பிரிக்காவுல மலை ஏறுது. இங்க டீ கிளாஸப் புடிக்க இந்த நடுங்கு நடுங்குதே?" என்று டீக்கடையில் குப்பண்ணன் சீண்டினார். அவரும் திம்பத்தில் வண்டி இறக்கிக் காட்டியவர்தான். பால் ரோடு முழுக்க ஓடியது.

"டீ சூடுப்பா."

"பாலத் தளும்ப உட்ட கைதான் என்றது. ஆனா பாரு, ராத்திரியானா ஒழுங்கா ஊட்டுக்கு வந்துருது. உன்றதுதான் நாடுவிட்டு நாடு போயி, வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவக்கூட ஆளில்லாமக் கெடக்குது."

கடையே சிரித்தது. செங்கோடனும் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் போன் அதிர்ந்தது. மலைக் கணவாயில் இன்னொரு விபத்து. பயணிகளை ஏற்றி வந்த ஒரு சின்ன பஸ், முன்னால் போன லாரியை முந்த ஏறி, எதிரே இறங்கி வந்த லாரியில் மோதியிருந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது. சின்ன பஸ்களுக்கென்று இருந்த பழைய மலைப்பாதை மண்சரிவில் போனதிலிருந்து அவற்றையும் சரக்குச் சாலையில் விட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாம்.

முன்னால் போனதும் செங்கோடன். எதிரே வந்ததும் செங்கோடன். நடுவில் மாட்டியது பஸ். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

கூடத்தில் அந்தக் கைக்குப் பொறுப்பான பொறியாளர் நிலோஃபர். ஈரோட்டுப் பெண், முப்பதுகூட ஆகாது. செங்கோடன் உள்ளே வந்த வேகத்தைப் பார்த்ததுமே நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"அண்ணா, உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. அறிக்கை வந்துருச்சு. உள்ளூர் டிரைவர் அவசரப்பட்டு ஏறியிருக்கான்."

"படத்தப் போடு அம்மிணி."

போட்டாள். லாரி வளைவில் ஏறுகிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு லாரி இறங்கி வருவது இதற்குத் தெரிந்துவிட்டது. வேகத்தைக் குறைத்து, இடது ஓரத்தை ஒட்டி, இடது இன்டிகேட்டரைச் சிமிட்டுகிறது. பின்னால் இருந்த பஸ் வெளியே வந்து ஏறுகிறது. அதற்கு மேல் செங்கோடன் பார்க்கவில்லை.

"சொல்லியிருக்கறன் பாரு! இடது போட்டுச் சொல்லியிருக்கறனே!"

"என்னண்ணா சொல்லியிருக்கீங்க? வண்டி எங்கயும் திரும்பல, ஆனா இன்டிகேட்டர் மட்டும் எரியுது. என்னன்னு தெரியாம, பழக்கதோஷம்னு குறிச்சு வெச்சிருக்கோம்."

"தோஷமா? அது பேச்சும்மா! வலது சிமிட்டுனா, ரோடு காலி, ஏறிப் போன்னு அர்த்தம். இடது சிமிட்டுனா, எதுக்கால வண்டி வருது, நான் ஒதுங்கறன், நீயும் எம் பின்னாலயே நில்லுன்னு அர்த்தம். எங்கய்யன் காலத்துல இருந்து எங்க வண்டிக இப்படித்தான் பேசிக்கும். நம்ம ரோட்டுல மாட்டு வண்டிக்காரனுக்குக்கூடத் தெரியும்."

நிலோஃபர் மற்ற இரண்டு விபத்துகளின் படங்களையும் பக்கத்தில் போட்டாள். மூன்றையும் முன்னும் பின்னும் ஓட்டினாள். அவள் முகம் மாறியது.

"அண்ணா, இங்க பாருங்க. மூணு பேருமே சிமிட்டற வரைக்கும் பொறுமையாப் பின்னாடி வர்றாங்க. சிமிட்டின உடனே ஏறுறாங்க."

மூன்றாவது பஸ்ஸை ஓட்டி இறந்துபோன பையனின் அக்கா கணவாய் ஊரில் பஞ்சர் கடை வைத்திருந்தாள். விபத்து நடந்த சற்று நேரத்திலேயே நிறுவனத்துக்கு முறையிட்டிருந்தாள்; பதில் போகவில்லை. நிலோஃபர் அந்த எண்ணைத் தேடி அழைத்தாள். அந்தப் பெண் தன் மொழியில் பேச, கூடத்து மொழிபெயர்ப்பு மெஷின் அதைச் செய்தி வாசிப்பவர் குரலில் தமிழாக்கியது.

"வணக்கம். நான் நேமா. தாங்கள்தான் அந்த லாரிகளா?"

செங்கோடன் மெஷினுக்கு அருகே வந்தார். "ஆமாங்க. நானேதானுங்க."

"என் தம்பி பரகா தங்களை நம்பினான்."

"நம்புனாருன்னா, பொறவு ஏனுங்க ஏறுனாரு? வராதேன்னுதானுங்களே என்ற வண்டி சொல்லிச்சு?"

"இல்லை. வா என்று சொன்னது. இடது கண் சிமிட்டினால் வழி திறந்திருக்கிறது, வா. வலது கண் சிமிட்டினால் எதிரே ஆள் வருகிறான், வராதே. இந்த மலையில் லாரிகள் வந்த காலம் முதல் அப்படித்தான். தாங்கள் அறியாததா?"

செங்கோடனுக்கு இப்போதுதான் விளங்கியது. ஒரே சாடை, இரண்டு ஊரிலும். அர்த்தம் மட்டும் நேர் எதிர். அவர் வலது போட்டுக் கூப்பிட்டபோதெல்லாம் அவர்கள் வராமல் பின்னாலேயே நின்றிருக்கிறார்கள். அதில் யாரும் சாகவில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. இடது போட்டு நிறுத்தியபோதெல்லாம், நம்பி வந்து வாழை மரம்போல வெட்டுப்பட்டிருக்கிறார்கள்.

"தாயி, ஒரு காரியம் பண்ணுங்க," என்றார். "இன்னிக்கே எல்லார்த்துகிட்டயும் சொல்லிருங்க. இந்த ஆளில்லாத வண்டி தலைகீழாப் பேசுது. இடது போட்டா நில்லு, வலது போட்டா ஏறு. உங்க காலப் புடிச்சுக் கேக்கறனுங்க."

மெஷின் அதையும் பெயர்த்தது.

"தாங்கள் எதற்காக என் கால்களைப் பிடிக்கிறீர்கள்? தங்கள் பெயர் என்ன?"

"செங்கோடனுங்க."

மெஷினுக்கு அதைப் பெயர்க்கத் தெரியவில்லை. அவளே வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். "செங்-கோ-டா." பிறகு, "சொல்கிறேன்," என்று வைத்துவிட்டாள்.

அந்தப் பெண் ஒருத்தி எத்தனை பேரிடம் சொல்ல முடியும்? வண்டியைத்தான் திருத்த வேண்டும் என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது.

"அந்த இன்டிகேட்டர மட்டும் புடுங்கிப் போட முடியாதா அம்மிணி?"

"வெட்டிப் பாத்துட்டேண்ணா. சிமிட்டறத எடுத்தா, வண்டி பின்னாடி பாக்கறதையே விட்டுருது. உங்களுக்கு அந்த விளக்குப் போடறதும், பின்னாடி வர்றவனை நெனைக்கறதும் ஒண்ணா முடிச்சுப் போட்டுக் கெடக்கு. ஒரு நூல இழுத்தா துணியே கழண்டு வருது."

"அப்ப?"

"நீங்கதான் மாத்தி ஓட்டணும். புதுசா ஒரு கைப்பதிவு. இடதுன்னா வா, வலதுன்னா நில்லு. ஆனா நடிக்கக் கூடாது. உள்ளுக்குள்ள ஒண்ணு நெனைச்சுட்டு வெளிய ஒண்ணு பண்ணினா வண்டி அந்தத் தயக்கத்தையும் சேத்துக் கத்துக்கும். பழக்கமாவே மாறணும்."

சொல்லிவிட்டாள். செய்வது எப்படி? கையைப் பதியும் வண்டியில் உட்கார்ந்தால் புத்தி வலது என்கும், கை இடதுக்குப் போகும். எதிரே வண்டி வருவது தெரிந்த நொடியில் உடம்பு தன்பாட்டுக்குப் பழைய வேலையைச் செய்துவிடும். வீட்டிலும் அதே நினைப்பு. தட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

"ஏனுங்க, சோத்த எந்தப் பக்கமாத் திங்கறதுன்னு யோசிக்கறீங்களா?" என்றாள் மனைவி பாவாயி. "நேரா வாய்க்குத்தானுங்க போகோணும். அதுல ஒண்ணும் மாத்தமில்ல."

"உனக்கு வெளையாட்டு."

"வெளையாட்டா? ரெண்டு நாளா பாத்ரூம் தாழ்ப்பாள உள்ள இருக்கையில தொறக்கறீங்க, வெளிய வந்து சாத்தறீங்க. நானும் பாத்துட்டுத்தான் இருக்கறன்."

மொபெட்டை எடுத்துக்கொண்டு பவானி ரோட்டில் பழக ஆரம்பித்தார். காலை வெயில் ஏறும் முன் புறப்படுவார். போகிற வழியெல்லாம் இடதுன்னா வா, வலதுன்னா நில்லு என்று முனகிக்கொண்டே போவார். ஆள் கொஞ்சம் கழண்டுவிட்டதாக ஊரில் பேச்சு. அவர் காதில் விழவில்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள், பின்னால் ஒரு முட்டை வேன் வந்தது. முன்னே வளைவு, வளைவுக்குள் எதிரே வரும் ஒரு பஸ்ஸின் ஹாரன். அவர் யோசிக்கவில்லை. கை தானாகப் போய் வலது போட்டது. சங்ககிரிக்காரனான வேன் டிரைவர் அதைப் பார்த்ததும் நம்பி ஏறினான். பஸ் பிரேக்கடித்துக் கிறீச்சிட்டு நின்றது. வேன் ஓரத்துப் புளியமரத்தில் உரசி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. தார் ரோட்டில் மஞ்சள் கரு வழிந்து ஓடியது.

"யோவ் பெருசு! வலது போட்டுக் கூப்புட்டு எமன்கிட்ட உடறியா? நீயெல்லாம் லாரிக்கார ஊர்லதான் பொறந்தியா?" என்று டிரைவர் சட்டையைப் பிடித்தான்.

செங்கோடன் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்கும்போதே உள்ளே ஒரு குரல், கை மாறிவிட்டது, கை மாறிவிட்டது என்று குதித்தது. அப்படிக் குதித்ததற்காக அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பின் பதிவு வேலை சுலபமாக நடந்தது. நிறுவனம் சோதித்தது, சரி என்றது. இத்தனை மாதத்தில் கணவாயில் விபத்து ஒன்றும் இல்லை. மழையில் பஸ் குறைவு, அதனால்தான் என்று நிலோஃபர் நினைத்தாள். செங்கோட்டு முருகன் காப்பாற்றுகிறான் என்று செங்கோடன் நினைத்தார். நேமாவை அவர் மறுபடி அழைக்கவில்லை. சொல்வதற்கு நல்ல சேதி ஒன்று கையில் இல்லாமல் எந்த முகத்தோடு அழைப்பது?

அந்தச் சேதி கைக்கு வந்த காலையில், குளித்து விபூதி பூசிக்கொண்டு கூடத்துக்குப் போனார். விடியற்காலையிலிருந்தே துறைமுக வாசலைத் தாண்டும் ஒவ்வொரு லாரியிலும் புதிய கை ஏறிக்கொண்டிருந்தது. "அந்தம்மாவக் கூப்புடு," என்றார்.

"செங்கோடா!" மெஷின் பெயர்ப்பதற்கு முன்பே அவள் குரல் சிரித்துக்கொண்டு வந்தது. "தங்களைப் பற்றித்தான் தினமும் பேசுகிறோம். தாங்கள் சொன்னதை என் தம்பியின் இறுதிச் சடங்கில் வைத்தே எல்லா டிரைவர்களுக்கும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு சங்கம் கூடிப் பேசி, எல்லா பஸ்ஸிலும் ஸ்டீயரிங்குக்கு மேலே எழுதி ஒட்டினோம். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். லாரி இடது கண் சிமிட்டினால் அதற்குச் 'செங்கோடா' என்று பெயர். செங்கோடா போட்டிருக்கிறான், நில் என்பார்கள். அன்றிலிருந்து ஒரு உயிர் போகவில்லை."

செங்கோடன் நிலோஃபரைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள்.

"தாயி," என்றார். "நான் மாத்திட்டனுங்க."

"என்ன மாற்றினீர்கள்?"

"உங்க வழக்கத்துக்கு மாத்திட்டன். இடதுன்னா வா. இன்னிக்கு விடிகாலையிலிருந்து வண்டிக அப்படித்தான் வருதுங்க."

குறுகலான சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு பேர், ஒருவருக்கொருவர் வழிவிட்டு, ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வது உண்டு. சிரித்துவிட்டு மறுபடி ஒதுங்குவார்கள். இங்கே சிரிப்பதற்கு இடமில்லை.

"தாங்கள் என்ன காரியம் செய்துவிட்டீர்கள்!" மெஷினின் செய்திக் குரலுக்கு அடியில் அவளுடைய சொந்தக் குரல் அலறியது.

நிலோஃபர் மேலதிகாரிகளை அழைத்தாள். ஒருவர் மாற்றி ஒருவர். ஏறும் கையை நிறுத்தவோ சாலையை மூடவோ இரண்டு அரசுகளும் ஒப்ப வேண்டும், சாயங்காலம் கூட்டம் வைத்துப் பேசுகிறோம் என்றார்கள். புதிய கை ஏறிய முதல் லாரிகள் இன்னும் சற்று நேரத்தில் கணவாயைத் தொட்டுவிடும். பழைய கையோடு ஓடுபவையும் அங்கேதான் இருந்தன.

"இப்ப ரோட்டுல ரெண்டு செங்கோடன் ஓடுறாங்கண்ணா. ஒருத்தர் இடது போட்டா நில்லு, இன்னொருத்தர் இடது போட்டா வா. பாக்கறதுக்கு ரெண்டு வண்டியும் ஒண்ணு."

"வழியே இல்லியா அம்மிணி?"

"ஒண்ணு இருக்கு. சொல்லலாமான்னு தெரியல. கை உங்களுது. சட்டப்படி அது உங்க உடம்போட சேர்ந்தது. 'என் கையை எடுத்துக்கறேன்'னு நீங்க இங்க நின்னு சொன்னா, அந்த நிமிஷமே பழசு புதுசு எல்லா வண்டியும் ஓரங்கட்டி நின்னாகணும். யாரையும் கேக்க வேண்டியதில்ல. ஆனா ஒருக்கா எடுத்தா எடுத்ததுதான். அழிச்சிருவாங்க. திருப்பிக் குடுக்க முடியாது."

"அதப் பத்தி இல்ல. வண்டி நின்னா மேடு என்னாகும்?"

"எல்லாமே நிக்கும். கணவாய்ல இப்ப ஒரு ஆக்சிஜன் டேங்கர் ஏறிட்டிருக்கு. மேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. அது போய்ச் சேரலைன்னா..."

செங்கோடன் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தார். நிறுத்தினால் ஆஸ்பத்திரி. நிறுத்தாவிட்டால் பஸ். எந்தப் பக்கம் ஒடித்தாலும் பள்ளம். முப்பது வருஷம் ஓட்டியவருக்கு இப்படியொரு வளைவு வந்ததில்லை. போனில் நேமா இன்னும் இருந்தாள், அவளிடமே கேட்டார்.

"வண்டி எல்லாத்தையும் நிறுத்திப்போட முடியுமுங்க. ஆனா ஆக்சிஜனும் நின்னுரும். நான் என்னுங்க பண்ணட்டும்?"

"ஓட்டுவதற்கு ஆளா இல்லை?" என்றாள் நேமா. "இந்த மலையில் முன்பு லாரி ஓட்டியவர்கள் என் கடை வாசலில்தான் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். தங்கள் கை வந்த பிறகு அவர்களுடைய கைக்குச் சீட்டுக்கட்டுதான் வேலை. கதவைத் திறந்துவிடச் சொல்லுங்கள்."

ஆயிரம் வண்டிகள் என்று பெருமைப்பட்ட மனிதர், அந்த ஆயிரம் இருக்கைகளில் முன்பு யாரோ உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அதுவரை நினைத்ததே இல்லை. இப்போதும் நினைக்க நேரமில்லை.

"அம்மிணி, கதவத் தொறக்க முடியுமா?"

"ஸ்டீயரிங், சீட்டு எல்லாம் உள்ள இருக்கு, கதவுதான் பூட்டு. அடுத்த ஆள் உள்ள ஏறவே கூடாதுன்னு ஒப்பந்தம். திறக்கற பொத்தான் என்கிட்டதான் இருக்கு." நிலோஃபர் உதட்டைக் கடித்தாள். "திறந்தா வேலை போயிரும்."

"போனா?"

"போனா என்ன, எங்க அத்தா கறிக்கடையில உக்காந்து எலும்பு வெட்டறேன். நீங்க சொல்லுங்கண்ணா. சீக்கிரம்."

செங்கோடன் நின்றார். அன்றைக்கு அவர் அசையாமல் நின்றது அப்போதுதான்.

"என்ற கைய நான் எடுத்துக்கறன்."

சுவர் முழுக்க இருந்த திரையில் லாரிகளாக ஊர்ந்துகொண்டிருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக மெதுவாயின. துறையிலிருந்து மேடு வரை, எறும்புச் சாரை மீது தண்ணீர் தெளித்தாற்போல, சாலையே அறுந்து அறுந்து நின்றது. நிலோஃபர் பொத்தானை அழுத்தினாள்.

"நின்றுவிட்டன," என்றாள் நேமா. அவள் ஓடிக்கொண்டே பேசுவது மூச்சில் தெரிந்தது. "எல்லாம் இடது ஓரத்தில். ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து சிமிட்டுகின்றனவே! அதற்கு என்ன பொருள்? பின்னால் பஸ்கள் நிற்கின்றன. டிரைவர்கள் என்னைக் கேட்கிறார்கள்."

"அதுக்கு," என்று ஆரம்பித்தார் செங்கோடன். "எனக்கே தெரியலைன்னு அர்த்தமுங்க. நீங்களே பாத்து முடிவு பண்ணிக்குங்கன்னு சொல்லுங்க."

அவள் அதை யாருக்கோ கத்தினாள். பதிலுக்கு யாரோ கத்தினார்கள். டேங்கரின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஜுமா என்ற பழைய டிரைவர் ஏறிவிட்டார், கையில் சீட்டுக்கட்டு அப்படியே இருக்கிறது என்றாள். நிற்கிற லாரிகளைச் சுற்றிக்கொண்டு டேங்கர் எதிர்ப்பக்கத்தில்தான் ஏற வேண்டும். மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கி வருகிறது. அவள் வளைவுக்கு ஓடினாள்.

"அங்க நின்னு எந்தக் கையக் காட்டறீங்க?" செங்கோடன் போனுக்குள் குனிந்தார். "இடதா, வலதா?"

"இரண்டையும். நடு ரோட்டில் விரித்து நிற்கிறேன்." பிரேக் சத்தம். செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டார். "நின்றுவிட்டான். டிரைவர் என்னைத் திட்டுகிறான்."

தூரத்தில் ஓர் ஆண்குரல் நீளமாகப் பொழிந்தது. 'இந்தப் பகுதியைப் பெயர்க்க அனுமதி இல்லை' என்றது மெஷின். நிலோஃபர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்; கண்ணில் தண்ணீர்.

பிறகு டேங்கரின் இன்ஜின் சத்தம் போனுக்குள் நிறைந்தது. ஏற்றத்தில் இரண்டாவது கியரில் இழுத்துக்கொண்டு வந்தது. செங்கோடன் காதைக் கொடுத்துக் கேட்டார். இப்போது மாற்ற வேண்டும். இப்போது. ஜுமா மாற்றவில்லை. இன்னும் இழுத்தார். 'மாத்து' என்று சொல்லச் செங்கோடன் வாயைத் திறந்தார்.

"என்னண்ணா?" என்றாள் நிலோஃபர்.

"ஒண்ணுமில்ல அம்மிணி."

இன்ஜின் ஒருமுறை முக்கித் திணறியது. செங்கோடன் நினைத்ததைவிட வெகுநேரம் தாமதித்து, அவர் ஒருபோதும் மாற்றியிருக்காத ஓர் இடத்தில், கியர் விழுந்தது. வண்டி ஏறிப் போயிற்று.